தோப்பு கையில், பார்ட்டி எங்கே?

கேள்வி: சார், எனக்கு வயது 34. சவூதியில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். நண்பர் ஒருவரோடு சேர்ந்து நிலம் வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியிருக்கிறேன். திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் இடையில் மூன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு ஒன்றுக்குச் சென்ட் 22,000 என்று பேசி, ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் ஆறு மாத அக்ரிமென்ட் எழுதிக்கொண்டோம். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் 1.37.5 ஹெக்டேர் என்று இருக்கிறது. அம்மாவும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டார்கள். மூத்த மகன் மலேசியாவில், அவர் கையெழுத்து மட்டும் இல்லை. கடல் அரை கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சென்ட் 31,000 என்று வாட்ஸப் குழுக்களில் போட்டோம். தினமும் போன் வருகிறது, பலர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் ஜெராக்ஸ் வாங்கிப் போனார்கள், அப்புறம் போனே எடுக்கவில்லை. மதுரைக்காரர் ஒருவர் வாங்கத் தயார், ஆனால் பாதிப் பணத்தைப் பத்திரத்தில் காட்டக் கூடாதாம். ஜித்தாவில் இருக்கும் என் பழைய ரூம்மேட் முழுப் பணமும் ரெடி என்கிறார். புரோக்கர்கள் பார்ட்டியை நேராக உரிமையாளரிடம் கூட்டிப்போய்விடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. இன்னும் இரண்டரை மாதம்தான் இருக்கிறது. நல்ல பார்ட்டியைப் பிடிப்பது எப்படி?

பெயர் வேண்டாம், பெரியபட்டினம்

பதில்: தம்பி, முதலில் ஜித்தா நண்பர் விஷயத்தை முடித்துவிடலாம். அவரைத்தான் நீங்கள் மலைபோல் நம்பியிருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அவருக்கு இந்தத் தோப்பை விற்க முடியாது.

அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பவர் கொடுத்து இங்குள்ள ஒருவரை விட்டு வாங்கினாலும் கதை மாறாது, ஏனென்றால் வாங்குகிறவர் அவர்தான். பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பின்னாளில் விற்கும்போதும், பணத்தை வெளியே எடுத்துப்போகும்போதும் வங்கி கேட்கும். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். நாளைக்கு அவர் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்.

அவருடைய மனைவி இங்கேயே வசிக்கிறார், தோப்பு அவருக்கே சொந்தமாக இருக்கட்டும் என்று இருவரும் உண்மையாகவே நினைக்கிறார்கள் என்றால், அதை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யலாம். நண்பர் ஊரோடு திரும்பி வந்துவிட்டாலும் வாங்கலாம். இரண்டும் இல்லையென்றால் அவருக்குக் கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ அங்கீகாரம் பெற்ற மனை ஒன்றைப் பாருங்கள். பணத்தோடு நிற்கும் ஆளை விடாதீர்கள். அவருக்கு எந்த நிலம் பொருந்தும் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலில் எனக்குப் பட்ட குறையே இதுதான். நிலத்தை மடக்கிவிட்டு ஆளைத் தேடுகிறீர்கள். யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, எதற்காக வாங்குகிறார், அவர் சட்டப்படி எதை வாங்க முடியும் என்று பத்துப் பேரையாவது தெரிந்துவைத்துக்கொண்டு, அதன்பிறகு நிலத்தைப் பேசப் போயிருந்தால் இந்த இரண்டரை மாதம் உங்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்காது. சரி, இப்போது தோப்பு கையில் வந்துவிட்டது. இதை எப்படி நகர்த்துவது என்று பார்ப்போம்.

ஜெராக்ஸ் வாங்கிப் போன இருவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி. போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் விலை விசாரிக்கிற புரோக்கர்கள், மீதியில் பாதி சும்மா கேட்டுவைக்கிறவர்கள். ஆனால் டாக்குமெண்ட் நகல் வாங்கிப் போகிறவர் வக்கீலிடம் காசு கொடுத்து லீகல் பார்க்கப் போகிறவர். அவர்கள்தான் உங்களுக்கு வந்த உண்மையான பார்ட்டிகள். அவர்கள் விலைக்காகப் போயிருந்தால் பேரம் பேசியிருப்பார்கள். பேசாமல் போனதால், வக்கீல் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் சொன்னார் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பட்டா இன்னும் இறந்தவர் பெயரில் இருக்கிறது. நான்கு பேரில் ஒருவர் கையெழுத்து இல்லை, அதாவது அவர் பங்குக்கு உங்களிடம் எந்த உரிமையும் இல்லை. நான் கேட்கும் இன்னொரு கேள்வி: அந்த அம்மாவுக்கு மகள் உண்டா? நீங்கள் மகன்களை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் ‘கட்டிக்கொடுத்தாச்சு, அதுக்கு என்ன பங்கு’ என்று இன்னமும் சொல்லுகிறார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்துக் குடும்பமானால் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு. முஸ்லிம் குடும்பமானால் அளவு வேறு, ஆனால் பங்கு உண்டு. மகள் இருந்து, அவர் கையெழுத்து இல்லையென்றால் எந்த வக்கீலும் இந்தத் தோப்பை வாங்கச் சொல்ல மாட்டார்.

ஆகவே முதல் வேலை தாசில்தார் அலுவலகத்தில். வாரிசுச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள், பட்டாவை எல்லா வாரிசுகள் பெயருக்கும் மாற்றச் சொல்லுங்கள். மலேசியாவில் இருப்பவர் வர முடியாது என்றால், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, சான்று பெற்ற பவர் பத்திரத்தை இங்கிருக்கும் தன் தம்பிக்கு அனுப்பட்டும். அது இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டு அலைகிறவர்கள் அதிகம். அவர் பங்குத் தொகைக்கு வரி பிடிக்க வேண்டுமா என்பதையும் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனாலும் வெளிநாட்டில் இருப்பவருக்குப் பணம் கொடுப்பதால், வாங்குகிறவர் பக்கத்து ஆடிட்டர் அதைக் கேட்காமல் விட மாட்டார்.

அடுத்தது உங்கள் 20 ரூபாய் பத்திரம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாததை வைத்துக்கொண்டு கோர்ட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது வக்கீல்கள் வாதாடும் சமாசாரம், நமக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: பதிவு செய்தால் வில்லங்கச் சான்றிதழில் உங்கள் பெயர் ஏறும். புரோக்கர் பார்ட்டியை உரிமையாளரிடம் நேராகக் கூட்டிப்போய்விடுவாரோ என்ற பயத்துக்கு இதுதான் மருந்து. எந்த ஒழுங்கான பார்ட்டியும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டார். பார்த்தால் உங்களைத் தாண்டிப் போக முடியாது என்று தெரிந்துகொள்வார்.

எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்தில் இரண்டரை மீதி என்றால் மூன்றரை ஓடிவிட்டது. பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, எல்லா வாரிசுகளும் சேர்ந்த புது ஒப்பந்தம் ஒன்றை, புதுக் காலக்கெடுவோடு எழுதிப் பதிவு செய்வதே நல்லது. அதில் ‘தாங்களோ தாங்கள் காட்டும் நபரோ’ கிரயம் பெறலாம் என்ற வாசகம் இருக்கட்டும். நீங்கள் மறுபடி விற்கப் போகிறீர்கள் என்பதை அந்த அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எப்படியும் ஊருக்கே தெரியும்.

ஊருக்கே தெரியும் என்றதும் விலை ஞாபகம் வருகிறது. 22,000 ரூபாய்க்குப் பேசி 31,000 என்று சொல்கிறீர்கள். 340 சென்டுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் உங்கள் கணக்கு. சேதுக்கரைப் பாதையில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அந்த 22,000 காதில் விழுந்துவிடும். தோப்பைப் பார்க்க வருகிறவர் அங்கே டீ குடிக்காமல் போவாரா? இதோடு, வாங்குகிறவருக்குப் பத்திரச் செலவு இருக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். உங்கள் விலையில் அது மட்டும் ஒன்பதரை லட்சத்தை நெருங்கும். விவசாய நிலம் வாங்க வீட்டுக் கடன்போல வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. ஆக, ஒரு கோடியே பதினைந்து லட்சம் கைப்பணம் வைத்திருக்கும் ஆளைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் லாபத்தைப் பாதியாகக் குறைத்தால் தேடும் வட்டம் பெரிதாகும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, 340 என்று நான் எழுதியதைக் கவனித்தீர்களா? விளம்பரத்தில் நீங்கள் மூன்றரை ஏக்கர் என்கிறீர்கள். 1.37.5 ஹெக்டேர் என்பது மூன்று ஏக்கர் நாற்பது சென்ட். பத்து சென்ட் எங்கே என்று பார்ட்டி கேட்டால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். சர்வேயரை வைத்து அளந்து, புலப்படத்தோடு, அதாவது சர்வே வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணை எழுதுங்கள்.

இப்போது ஆள் விஷயம். இந்தக் கடற்கரையில் நிலம் தேடி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததும், அதற்கு முந்தின மாதம் பட்ஜெட்டில் ராமேசுவரம் விமான நிலைய அறிவிப்பு வந்ததும் வெளியூர்க் காசைக் கிளப்பிவிட்டன, உண்மைதான். ஆனால் லாட்ஜ் கட்டவும் ஓட்டல் போடவும் வருகிறவர் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று அந்த நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பார். அமாவாசைக்குச் சேதுக்கரையில் கூட்டம் சேரும் என்பதால் உங்கள் தோப்பில் லாட்ஜ் கட்ட ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

‘கடல் அரை கிலோமீட்டர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பீர்கள். ட்ரோன் வீடியோவும் பாட்டும் போட்டு இப்படி விற்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப்புறத்தில் அதில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. 2019 அறிவிக்கை அடர்த்தியான கிராமங்களுக்கு அதை 50 மீட்டராக்கியது, ஆனால் அந்த அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல். தோப்பும் பனையும் நிறைந்த கிராமத்தில் அந்தச் சலுகையை நம்பி விலை சொல்லாதீர்கள். தோப்பைத் தோப்பாகவே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. ரிசார்ட் கனவோடு வருகிறவர் வரைபடத்தைப் பார்த்த அன்றே போய்விடுவார், அவருக்கு ஒரு நாள் போகும், உங்களுக்கு ஒரு வாரம் போகும்.

இறால் பண்ணைக்காரர்கள் யாராவது நல்ல விலை சொல்லி வரலாம். விவசாய நிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதையும் மீறி ஒருவர் வாங்கினால் சுற்றியுள்ள கிணறெல்லாம் உப்பாகும், அந்த ஊரில் அப்புறம் நீங்கள் இன்னொரு நிலம் பேச முடியாது. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

தோப்பைத் துண்டு போட்டுப் பத்துப் பத்து சென்டாக ‘பண்ணை மனை’ என்று விற்கும் யோசனையும் உங்கள் கூட்டாளிக்கு வந்திருக்கும். மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு அங்கீகாரம் வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரியல் எஸ்டேட் ஆணையத்திலும் பதிவு வேண்டும், பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் காலத்தில் அது ஆகாது.

அப்படியானால் யார்தான் வாங்குவார்? முதல் ஆள் அண்டை நிலத்துக்காரர். பத்திரத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்கத்து எல்லை எழுதியிருப்பார்களே, அந்த நால்வரிடமும் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் எப்படி, பாதை எப்படி, வேலி யார் போட்டது என்று அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவர் கிணறும் மோட்டாரும் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கின்றன. முழுவதும் வாங்கப் பணமில்லாவிட்டாலும் ஓர் ஏக்கர் வாங்கலாம். இரண்டு பக்கத்துக்காரர்கள் பிரித்துக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது.

இரண்டாவது, இங்கேயே வசிக்கும், நிரந்தர வருமானமுள்ள குடும்பங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ராமநாதபுரம் கடைக்காரர்கள், உங்களைப்போல் வளைகுடாவிலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்தவர்கள். இவர்களைப் பிடிக்க வாட்ஸப்பைவிடத் தேங்காய் வியாபாரி நல்லவர். வெட்டுக்கு ஊர் ஊராகப் போகிறவருக்கு எந்தத் தோப்பு யாரிடம் இருக்கிறது, யார் இன்னும் கொஞ்சம் தேடுகிறார்கள், யார் வாங்கி ஏமாந்தார்கள் என்று எல்லாம் தெரியும். போர் போடுகிறவருக்கும் தெரியும். இவர்களுக்கு ஒரு தொகை பேசி வையுங்கள், வேலை முடிந்ததும் தாமதமில்லாமல் கொடுங்கள்.

இந்த ரகப் பார்ட்டி வந்தால் கடலைப் பற்றிக் கேட்க மாட்டார். மோட்டாரைப் போடச் சொல்லி, தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்ப்பார். நம் கரையில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் ஓர் அடுக்காக உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. ரொம்ப இறைத்தால் உப்பு மேலே ஏறும். அதனால் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு இனிக்கும் கிணறு சித்திரையில் கரிக்கலாம். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள், எந்த மாதம் எடுத்தது என்று அதிலேயே இருக்கும். கோடையில் எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, பெயர் மாற்ற முடியுமா என்று கேட்டுவையுங்கள். இலவச இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் ஊரில், இருக்கிற இணைப்புக்கே ஒரு விலை உண்டு. மரம் எத்தனை, காய்ப்பு எப்படி, வெள்ளை ஈ தாக்கியிருக்கிறதா, தோப்பு யாருக்காவது குத்தகையில் இருக்கிறதா என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் பாதை. வண்டி போகும் தடம் புலப்படத்தில் இருக்கிறதா, இல்லை பக்கத்துக்காரர் பட்டாவில் அவர் தயவில் போகிறதா? பின்னது என்றால் அந்த அண்டை நிலத்துக்காரரிடம் போக இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

போனில் கேட்கிறவர்கள் எல்லோரையும் தோப்புக்குக் கூட்டிப்போகாதீர்கள். எதற்காக வாங்குகிறீர்கள், பணம் எங்கிருந்து வருகிறது, வேறு நிலம் விற்றுத்தான் வாங்க வேண்டுமா, வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள், எப்போது பத்திரம் முடிக்க முடியும் என்று போனிலேயே கேளுங்கள். கோபித்துக்கொள்கிறவர் வாங்க மாட்டார். ‘நிலம் விற்றால்தான் பணம்’ என்பவரைக் குறித்துவையுங்கள், அடுத்த நிலத்துக்கு உதவுவார். முடிவு செய்கிறவர் மனைவி என்றால் முதல் தடவையே அவரும் வரட்டும். பெண்கள் பெயரில் பதிந்தால் பத்து லட்சம் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை இருக்கிறது. உங்கள் தோப்பு விலைக்கு அது பொருந்தாது, சின்ன மனை வாங்குகிறவர்களிடம் சொல்லலாம்.

மதுரைக்காரர் விஷயத்தில் என் பதில், வேண்டாம். பாதியைக் காட்டாமல் முடித்தால் மறைக்கிற பாதியில்தான் உங்கள் லாபம் முழுவதும் உட்கார்ந்திருக்கும். சொத்து வியாபாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஏதாவது சண்டை வந்தால் அந்தப் பணத்தைக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது. நேர் வழி இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் உரிமையாளர்கள் விற்பவர்கள், புதுப் பார்ட்டி வாங்குபவர், நீங்களும் உங்கள் நண்பரும் ஒப்பந்த உரிமையை விட்டுக்கொடுத்துச் சம்மதக் கையெழுத்துப் போடும் மூன்றாம் தரப்பு. முழு விலையையும் எழுதி, உரிமையாளர்களுக்கு இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு என்று வங்கி வழியாகவே வாங்குங்கள். உங்கள் பங்குக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும். வாங்கி விற்பதே தொழிலாகிவிட்டால் அது வியாபார வருமானம், விவசாய நிலம் என்ற சலுகையெல்லாம் உங்களுக்கு வராது.

புரோக்கர்களோடு சண்டை போடாதீர்கள், கணக்கை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒரு பார்ட்டிக்குப் பின்னால் மூன்று பேர் கோத்துக்கொண்டு வந்தால் மூவருக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று இடம் பார்க்கப் போகும் முன்பே சொல்லி, வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். பத்திரத்தன்று சார்பதிவாளர் அலுவலக மரத்தடியில் புதிதாக ஒருவர் வந்து ‘நான்தான் முதலில் சொன்னேன்’ என்பார். அவரை அந்த மூவர் பார்த்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் செய்தும் காலக்கெடுவுக்குள் ஆள் அமையவில்லை, அந்த அம்மா நீட்டித்துத் தரவும் மாட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கேட்டுப் பாருங்கள். வேறு ஆளுக்கு விற்ற பிறகு தருகிறேன் என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். ஒன்றுமே வராவிட்டால் ஆளுக்கு இரண்டரை லட்சம் போகும், வலிக்கும்தான். அதற்குப் பயந்து எழுபத்தைந்து லட்சம் வட்டிக்கு வாங்கி நீங்களே கிரயம் முடித்துவிடாதீர்கள். அந்தத் தோப்பின் தேங்காய்க் காசு வட்டியில் பாதிக்குக்கூடக் காணாது.